ஜெர்மனியில் முதுகலை: மாற்ற முடிகிற முடிவு எது, முடியாதது எது?

அட்மிஷன் கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து விமானம் ஏறும் நாள் வரை பெரும்பாலானவர்களுக்குக் கிடைப்பது மூன்று, நான்கு மாதம். அதற்குள் எடுக்க வேண்டிய முடிவுகள் வரிசைகட்டி நிற்கும். எந்த அட்மிட்டை ஏற்பது, ப்ளாக்டு அக்கவுண்ட்டை (விசாவுக்குக் காட்டும் பணத்தைப் பூட்டிவைத்து மாதாமாதம் விடுவிக்கும் கணக்கு) எந்த நிறுவனத்தில் தொடங்குவது, அரசு இன்சூரன்ஸா தனியாரா, அறையை இங்கிருந்தே பிடிப்பதா, போய்ப் பார்த்துப் பிடிப்பதா, எந்த சிம் கார்டு, எத்தனை கிலோ சாமான். வாட்ஸ்ஆப் குழுக்களில் அதிகம் அலசப்படுவது ப்ளாக்டு அக்கவுண்ட் நிறுவனமும் சிம் கார்டும்தான். அவை இரண்டும் தப்பாகப் போனால்கூடச் சில பத்து யூரோ நஷ்டத்தோடு முடிந்துவிடும். படிப்பு முடிகிற வரை மாற்ற முடியாத இன்சூரன்ஸ் முடிவையோ, விசா அவசரத்தில் ஏதோ ஒரு பேக்கேஜில் டிக் அடித்து முடித்துவிடுகிறார்கள்.

அதனால் இந்த ஒப்பீட்டில் விலையை மட்டும் பார்க்கவில்லை. பின்னால் மனம் மாறினால் திரும்பி வர வழி உண்டா என்பதையும் சேர்த்தே ஒவ்வொரு தேர்வையும் எடைபோட்டிருக்கிறோம். சிம் கார்டை இத்தோடு விட்டுவிடலாம்.

எந்த அட்மிட்?

ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்பது பாதி உண்மை. பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகங்கள் டியூஷன் வாங்குவதில்லை. செமஸ்டருக்கு 100 முதல் 400 யூரோ வரை செமஸ்டர் பங்களிப்பு மட்டும் கட்ட வேண்டும், பல ஊர்களில் பயண அட்டையும் அதற்குள்ளேயே வந்துவிடும். ஆனால் ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூஹே, ஹைடல்பெர்க், ஃப்ரைபுர்க் எல்லாம் அடங்கிய பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்கள் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டுகிறார்கள். நான்கு செமஸ்டருக்கு 6,000. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25 குளிர்கால செமஸ்டரிலிருந்து புதிதாகச் சேரும் வெளிநாட்டு முதுகலை மாணவர்களிடம் பாடத்தைப் பொறுத்து செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ வாங்குகிறது. உதவித்தொகையோ விலக்கோ கிடைக்காவிட்டால் இரண்டு வருடத்துக்கு 16,000 முதல் 24,000 யூரோ.

கட்டணத்தைவிட வாடகை பெரிய செலவாகிவிடும் ஊர்களும் உண்டு. விசாவுக்காக ஜெர்மன் அரசு கேட்கும் தொகை மாதம் 992 யூரோ என்ற கணக்கில் அமைந்தது. அதில் மாணவர் இன்சூரன்ஸுக்குச் சுமார் 145 போய்விடும். மாக்டெபுர்க்கில் 300 யூரோவுக்கு ஒரு அறை கிடைத்தால் சாப்பாட்டுக்கும் மற்ற செலவுக்கும் 547 யூரோ மிஞ்சும். மியூனிக்கில் 750 யூரோ அறை என்றால் மிஞ்சுவது 97. அதாவது மியூனிக்கில் அந்த 992 யூரோ குறைந்தபட்சம்கூட இல்லை, வீட்டிலிருந்து மாதாமாதம் பணம் வந்தாக வேண்டும். இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. மியூனிக், ஸ்டுட்கார்ட் போன்ற ஊர்களைச் சுற்றித் தொழிற்சாலைகள் நெருக்கமாக இருப்பதால், படிக்கும்போதே துறை சார்ந்த பகுதி நேர வேலை கிடைக்கும் வாய்ப்பு அங்கே அதிகம். வாகனத் துறைக்குப் போகிற மெக்கானிக்கல் மாணவர் ஸ்டுட்கார்ட்டில் 6,000 யூரோ கட்டிப் படிப்பது வீண் செலவு அல்ல. கணினி அறிவியலுக்கு அதே தொகையைக் கட்டும் முன் ஆகன், மாக்டெபுர்க் மாதிரி டியூஷன் இல்லாத இடங்களை நன்றாக அலசிவிடுங்கள்.

தனியார் பல்கலைக்கழக அட்மிட் கையில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொதுப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக ஏஜென்ட்டுக்குக் கமிஷன் தருவதில்லை, தனியார் கல்வி நிறுவனங்கள் பல தருகின்றன. "எங்கள் சேவை முழுக்க இலவசம்" என்று சொல்லும் கன்சல்டன்சி தனியார் அட்மிட்டையே முன்னால் நீட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். அங்கே கட்டணம் ஆண்டுக்கு 10,000 யூரோவைத் தாண்டுவது சாதாரணம். அதையும் ஏற்கத்தான் போகிறீர்கள் என்றால், அந்த நிறுவனத்துக்கு ஜெர்மன் அரசு அங்கீகாரம் இருக்கிறதா, வகுப்புகள் நேரடியாக நடக்கின்றனவா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். பெரும்பகுதி ஆன்லைனில் நடக்கும் படிப்புக்கு மாணவர் வசிப்பு அனுமதி கிடைப்பது கஷ்டம்.

இரண்டு அட்மிட்டும் எல்லா வகையிலும் சமமாக இருந்தால், எங்கள் பார்வையில் தீர்மானிக்க வேண்டியது தரவரிசை அல்ல, தேர்வு விதிமுறைதான். ஒவ்வொரு படிப்புக்கும் ப்ரூஃபுங்ஸ்ஓர்ட்னுங் என்ற விதிமுறை ஆவணம் பல்கலைக்கழகத் தளத்திலேயே இருக்கும். ஒரு கட்டாயப் பாடத் தேர்வை எத்தனை முறை எழுதலாம் என்பது அதில் இருக்கும், பெரும்பாலும் மூன்று முறை. மூன்றாவது முறையும் தோற்றால் படிப்பிலிருந்து நீக்கிவிடுவார்கள். அதோடு அதே படிப்பில் ஜெர்மனியின் வேறு பல்கலைக்கழகத்திலும் பொதுவாகச் சேர முடியாது. அரியர் வைத்து எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம் என்ற நம் ஊர்ப் பழக்கத்தோடு போகிறவர்கள் இடறுவது இங்கேதான். பாட விவரங்கள் அடங்கிய மாட்யூல் கையேட்டைத் திறந்து, கட்டாயப் பாடங்கள் எத்தனை, விருப்பப் பாடங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். கட்டாயம் குறைவாக உள்ள படிப்பில் தப்பிக்க இடம் அதிகம்.

பணம் காட்டும் வழி

படிப்பு விசாவுக்கு ஓராண்டுச் செலவுக்கான பணம் இருப்பதாக நிரூபிக்க வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அந்தத் தொகை 11,904 யூரோ. யூரோ 105 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பன்னிரண்டரை லட்சம். உதவித்தொகை கிடைக்காதவர்களுக்கு நடைமுறையில் இரண்டு வழி. ஒன்று ப்ளாக்டு அக்கவுண்ட். மற்றொன்று, ஜெர்மனியில் வசிக்கும் ஒருவர் உங்கள் செலவுக்குப் பொறுப்பேற்று எழுதித்தரும் உறுதிமொழி, ஃபெர்ப்ஃப்லிஷ்டுங்ஸ்எர்க்லேருங். வங்கியின் கல்விக் கடன் சாங்ஷன் கடிதத்தை மட்டும் வைத்து வேலை நடக்காது, கடன் பணம் ப்ளாக்டு அக்கவுண்ட்டில் வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

உறுதிமொழி வழியில் பன்னிரண்டு லட்சத்தை முடக்க வேண்டாம் என்பது உண்மைதான். ஆனால் எழுதித்தரும் சித்தப்பாவோ அக்கா கணவரோ தம் ஊர் வெளிநாட்டவர் அலுவலகத்தில் சம்பளச் சீட்டைக் காட்டி, ஐந்து ஆண்டுக்குச் சட்டப் பொறுப்பை ஏற்கிறார். உங்களுக்காக அரசு ஏதாவது செலவழிக்க நேர்ந்தால், மருத்துவச் செலவு உட்பட, அவரிடம் வசூலிப்பார்கள். கொடுத்த கையெழுத்தை நினைத்த நேரத்தில் திரும்பப் பெற முடியாது. கூடப்பிறந்தவர்கள் என்றால் கேட்கலாம். தூரத்து உறவுக்காரரை இதில் இழுத்துவிட வேண்டாம்.

ப்ளாக்டு அக்கவுண்ட்டில் நிறுவனத்துக்கு நிறுவனம் உள்ள வித்தியாசம் தொடக்கக் கட்டணமும் மாதக் கட்டணமும்தான். அதில் மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. சிக்கல் வருவது பணம் அனுப்பும்போது. 11,904 யூரோவைச் சரியாக அனுப்பினாலும், இடையில் உள்ள வங்கி பதினைந்து, இருபது யூரோ பிடித்துக்கொண்டால் கணக்கில் தொகை குறையும், உறுதிச் சான்றும் வராது. மீதியை மறுபடி அனுப்ப இன்னொரு முறை கட்டணம், இன்னொரு வாரம். வங்கியில் ஏ2 படிவம் நிரப்பும்போதே வெளிநாட்டு வங்கிக் கட்டணம் முழுவதையும் அனுப்புபவரே ஏற்பதாகக் குறிக்கச் சொல்லுங்கள். அதற்கு மேலும் ஐம்பது யூரோ சேர்த்து அனுப்புங்கள், கூடுதல் தொகை பின்னால் உங்களுக்கே வரும்.

வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது வங்கி பிடிக்கும் டி.சி.எஸ். வரியையும் கணக்கில் வையுங்கள். 2025-26 நிதியாண்டில் கல்விக்காகச் சொந்தப் பணத்திலிருந்து அனுப்பினால் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பகுதிக்கு 5 சதவிகிதம் பிடித்தார்கள். வங்கிக் கல்விக் கடன் என்றால் கிடையாது. இந்த விகிதம் பட்ஜெட்டில் மாறக்கூடியது, அனுப்புகிற நாளில் வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். பத்து லட்சம் வரம்பு ஒவ்வொரு பான் எண்ணுக்கும் தனித்தனி. அப்பா கணக்கிலிருந்து பாதி, அம்மா கணக்கிலிருந்து பாதி என்று அவரவர் சொந்தப் பணத்தை அனுப்பினால் வரம்புக்குள்ளேயே முடியும். பிடித்த வரியும் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால் கழிந்துவிடும் அல்லது திரும்பி வரும், ஆனால் அதற்கு மாதங்கள் ஆகும்.

விசாவுக்குக் காட்டத்தானே என்று நினைத்து, ஒரு மாதத் தவணையில் யாரிடமாவது கைமாற்று வாங்கி ப்ளாக்டு அக்கவுண்ட்டில் போடுவதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். விசா கிடைத்துவிட்டால் அந்தப் பணம் மாதம் 992 யூரோ வீதம்தான் வெளியே வரும், மொத்தமாக எடுக்க முடியாது. கொடுத்தவர் கேட்கத் தொடங்கும்போது மாதாமாதம் வருவதை அவருக்கு அனுப்பிவிட்டு, வாடகைக்கு வழியில்லாமல் வகுப்பை விட்டு வேலைக்கு ஓட வேண்டியிருக்கும். இரண்டாம் ஆண்டு வசிப்பு அனுமதியைப் புதுப்பிக்கும்போது மறுபடியும் பணம் காட்ட வேண்டும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அப்போது பகுதி நேர வேலை ஒப்பந்தம் இருந்தால் பல அலுவலகங்கள் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும். 2026 ஜனவரியிலிருந்து குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. வாரம் 20 மணி நேர வேலை அமைந்தால் பிடித்தத்துக்கு முன் மாதம் சுமார் 1,200 யூரோ. முதல் செமஸ்டரிலேயே அது அமைந்துவிடும் என்று கணக்குப் போட வேண்டாம்.

அரசு இன்சூரன்ஸா, தனியாரா?

எல்லாவற்றிலும் அதிகக் கவனம் இதற்கு வேண்டும்.

முப்பது வயதுக்குட்பட்ட மாணவருக்கு டி.கே., ஏ.ஓ.கே., பார்மர் போன்ற அரசு முறைக் காப்பீட்டு நிறுவனங்களில் மாணவர் கட்டணம் உண்டு. நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டையும் சேர்த்து மாதம் 140 முதல் 155 யூரோ. நிறுவனத்துக்கு நிறுவனம் வித்தியாசம் சில யூரோதான், பலன்களும் ஏறத்தாழ ஒன்றே. தனியார் மாணவர் பாலிசிகள் மாதம் முப்பது, நாற்பது யூரோவிலிருந்தே கிடைக்கும். நூறு யூரோ வித்தியாசம் என்றால் இரண்டு ஆண்டில் 2,400 யூரோ, இரண்டரை லட்சம் ரூபாய். ஆசை காட்டுகிற தொகைதான்.

தனியாரைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால், அரசு முறையிலிருந்து விலக்கு வேண்டும் என்று ஓர் அரசு முறை நிறுவனத்திடம் எழுதிக் கேட்க வேண்டும், கட்டாயக் காப்பீடு தொடங்கிய மூன்று மாதத்துக்குள். அந்த விலக்கு ஒருமுறை கிடைத்துவிட்டால் அந்தப் படிப்புக் காலம் முழுக்க ரத்து செய்ய முடியாது. இரண்டாவது செமஸ்டரில் நோய் வந்து "அரசு முறைக்கே வந்துவிடுகிறேன்" என்றால் கதவு மூடியிருக்கும்.

அப்படி மாட்டிக்கொள்வதால் என்ன ஆகும்? மலிவான பாலிசிகளில் ஏற்கெனவே உள்ள நோய்களுக்குச் செலவு தரமாட்டார்கள். தைராய்டு மாத்திரை, ஆஸ்துமா இன்ஹேலர், சர்க்கரை எல்லாம் அதில் அடங்கும். மனநல சிகிச்சைக்கும் பல் சிகிச்சைக்கும் வரம்பு இருக்கும் அல்லது இடமே இருக்காது. புது நாட்டில், இருட்டான குளிர்காலத்தில், முதல் தேர்வு நெருக்கடியில் மாணவர்களுக்கு மனநல உதவி தேவைப்படுவது அபூர்வமில்லை. அரசு முறையில் மருத்துவரிடம் அட்டையை நீட்டினால் போதும், பில் நேரே நிறுவனத்துக்குப் போய்விடும். தனியாரில் பெரும்பாலும் நீங்கள் முதலில் கட்டிவிட்டுப் பிறகு பில்லை அனுப்பித் திரும்பப் பெற வேண்டும். மாதம் 992 யூரோவில் வாழ்கிறவர் 400 யூரோ ஸ்கேன் பில்லைக் கட்டிவிட்டு ஆறு வாரம் காத்திருப்பதை நினைத்துப் பாருங்கள்.

படிப்பு முடிந்த பிறகும் இந்த முடிவு கூடவே வரும். பட்டம் வாங்கியபின் வேலை தேட 18 மாதம் வரை வசிப்பு அனுமதி கிடைக்கும். அரசு முறையில் இருந்தவர் அந்தக் காலத்தில் விருப்ப உறுப்பினராக அதிகக் கட்டணத்தில் தொடரலாம். தனியாரில் இருந்தவர் அரசு முறைக் காப்பீடு கட்டாயமாக உள்ள வேலை கிடைக்கும்வரை பொதுவாகத் தனியாரிலேயே இருக்க வேண்டும், அந்த மலிவு பாலிசி மாணவர் காலத்தோடு முடிந்துவிடவும் கூடும். மணமானவர்களுக்கு இன்னொரு பெரிய வித்தியாசம் உண்டு. அரசு முறையில், கூட வந்து வசிக்கும் வருமானமில்லாத மனைவிக்கோ கணவருக்கோ குழந்தைக்கோ தனிக் கட்டணமே இல்லாமல் குடும்பக் காப்பீடு கிடைக்கும். தனியாரில் தலைக்கு ஒரு பாலிசி.

ஆகவே முப்பது வயதுக்குட்பட்டவர் கண்ணை மூடிக்கொண்டு அரசு முறையில் சேரலாம். முப்பதைத் தாண்டியவருக்கு மாணவர் கட்டணம் கிடையாது, இந்தியாவிலிருந்து நேராக வருபவருக்குத் தனியார் ஒன்றே வழியாக இருக்கும். அவர்கள் முப்பது யூரோ பயணப் பாலிசியில் நின்றுவிடாமல், பழைய நோய், மனநலம், மகப்பேறு மூன்றையும் பாலிசி ஆவணத்தில் தேடிப் படித்துவிட்டு வாங்க வேண்டும். முனைவர் படிப்புக்குப் போகிறவர்களின் கதை வேறு. மாணவர் கட்டணம் அவர்களுக்கும் இல்லை, ஆனால் பல்கலைக்கழக வேலை ஒப்பந்தத்தோடு போனால் ஊழியராகவே அரசு முறையில் சேர்ந்துவிடுவார்கள்.

அரசு முறைக் காப்பீடு செமஸ்டர் தொடங்கும் நாளிலோ, பல்கலைக்கழகப் பதிவு அதற்குப் பிறகு நடந்தால் பதிவு நாளிலோதான் தொடங்கும். செப்டம்பர் 15ஆம் தேதி இறங்குகிறவருக்கு, செமஸ்டர் அக்டோபர் 1 என்றால், இடைப்பட்ட நாட்களுக்குப் பயணக் காப்பீடு தனியாக வேண்டும். ப்ளாக்டு அக்கவுண்ட்டோடு இலவசமாக வருவது பெரும்பாலும் இதுதான். இதை வைத்துக்கொண்டு பல்கலைக்கழகப் பதிவும் முடிந்துவிடும் என்று நினைத்து வந்து, பதிவுக் கடைசி நாளில் அலைகிறவர்கள் நிறைய. பதிவுக்குத் தேவை, உங்கள் காப்பீட்டு நிலையை ஓர் அரசு முறை நிறுவனம் பல்கலைக்கழகத்துக்கு மின்னணு முறையில் அனுப்பும் தகவல். தனியார் பாலிசி எடுத்தவருக்கும் அந்தத் தகவல் அரசு முறை நிறுவனத்திலிருந்தே போக வேண்டும்.

அறை: இங்கிருந்தா, அங்கே போயா?

முதல் இடம் ஸ்டுடியரென்டன்வெர்க் என்ற மாணவர் நல அமைப்பு நடத்தும் மாணவர் விடுதிக்குத்தான். வாடகை பெரும்பாலும் 250 முதல் 400 யூரோ, மின்சாரம், ஹீட்டிங், இணையம் எல்லாம் சேர்த்து. ஏமாற்றுப் பயமும் இல்லை. பெரிய ஊர்களில் காத்திருப்போர் பட்டியல் பல செமஸ்டருக்கு நீளும் என்பதால், அட்மிஷன் கடிதம் வந்த அன்றே விண்ணப்பியுங்கள். அட்மிஷனுக்கு முன்பே விண்ணப்பிக்க விடும் ஊர்களும் உண்டு.

விடுதி கிடைக்காவிட்டால் இரண்டு வழி. இங்கிருந்தபடியே ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தம் போடுவது ஒன்று. ஊருக்குப் போகும் மாணவரின் அறையை இரண்டு, மூன்று மாதத்துக்கு உள்வாடகைக்கு எடுத்து, அங்கே இருந்துகொண்டு நிரந்தர அறை தேடுவது மற்றொன்று. இரண்டாவதுதான் நல்லது என்போம், ஒரே ஒரு நிபந்தனையோடு: அந்த முகவரியில் அன்மெல்டுங், அதாவது நகர அலுவலக முகவரிப் பதிவு, செய்ய அனுமதி இருக்க வேண்டும். குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட வோனுங்ஸ்கேபர்பெஸ்டேட்டிகுங் படிவம் தேவை. பதிவு இல்லாவிட்டால் வரி எண் தபாலில் வராது, வசிப்பு அனுமதி வேலையும் நகராது. ஒப்பந்தம் பேசும்போதே "இங்கே அன்மெல்டுங் செய்யலாமா?" என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

வாடகை ஒப்பிடும்போது கால்ட்மீட்டெயை வார்ம்மீட்டெயோடு வைத்து ஒப்பிட்டுவிடாதீர்கள். முதலாவது வெறும் வாடகை. இரண்டாவதில் ஹீட்டிங், தண்ணீர் போன்றவை சேரும், மின்சாரமும் இணையமும் பெரும்பாலும் அதற்கும் வெளியே. வீட்டுக்கு ஒன்று என்று மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணமும் உண்டு, அறைத்தோழர்கள் பகிர்ந்துகொள்ளலாம். அட்வான்ஸ் தொகை மூன்று மாத கால்ட்மீட்டெக்கு மேல் கேட்கக் கூடாது. அதையும் மூன்று சம தவணையில் தர வாடகைதாரருக்குச் சட்ட உரிமை இருக்கிறது, முதல் தவணை வாடகைக் காலம் தொடங்கும்போதுதான். "நான் இப்போது வெளிநாட்டில் இருக்கிறேன், முழு அட்வான்ஸையும் அனுப்பினால் சாவி கூரியரில் வரும்" என்று எழுதுகிறவர் மோசடிக்காரர். படங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் பதில் போட வேண்டாம்.

தேதிகள்

இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பரிலிருந்து ஏ.பி.எஸ். சான்று (இந்தியக் கல்விச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தருவது) இல்லாமல் விசா விண்ணப்பம் இல்லை. கட்டணம் 18,000 ரூபாய். இதற்கு அட்மிஷன் கடிதத்துக்காகக் காத்திருக்காதீர்கள், பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் முன்பே முடித்துவிடலாம். விசா கட்டணம் 75 யூரோவுக்குச் சமமான ரூபாய். நிராகரித்தால் தூதரகத்திலேயே மறுபரிசீலனை கேட்கும் இலவச வழி முன்பு இருந்தது, 2025 ஜூலையோடு அதை எடுத்துவிட்டார்கள். இனி புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், இல்லையென்றால் பெர்லின் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அட்மிஷனை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கப் பல பல்கலைக்கழகங்கள் சம்மதிப்பதில்லை. ஒரு கையெழுத்து விட்டுப்போனதால் ஓர் ஆண்டையே இழக்க வேண்டாம், விண்ணப்பக் கோப்பை இன்னொருவரிடம் கொடுத்து ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள்.

ப்ளாக்டு அக்கவுண்ட்டிலிருந்து முதல் மாதப் பணம் வருவதற்கு ஐரோப்பிய வங்கிக் கணக்கு ஒன்று வேண்டும், அதைத் திறக்கச் சில வாரம் ஆகலாம். ஆறு வாரச் செலவையும் அட்வான்ஸின் முதல் தவணையையும் ஃபாரெக்ஸ் கார்டிலும் கொஞ்சம் ரொக்கமாகவும் பிரித்து எடுத்துச் செல்லுங்கள். வகுப்பு தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பாவது போய் இறங்கினால் முகவரிப் பதிவு, வங்கி, பல்கலைக்கழகப் பதிவு மூன்றும் அந்த வரிசையிலேயே முடியும்.

முகவரிப் பதிவு முடிந்த அன்றே வெளிநாட்டவர் அலுவலகத்தில் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பித்துவிடுங்கள். கையில் உள்ள நுழைவு விசா சில மாதமே செல்லும், பெரிய ஊர்களில் அலுவலகச் சந்திப்பு நேரம் கிடைக்கவே மாதங்கள் ஆகும். விசா முடிவதற்குள் விண்ணப்பித்திருந்தால், முடிவு வரும்வரை பழைய விசாவின் உரிமைகள் தொடரும். அதற்கு ஃபிக்ஷியோன்ஸ்பெஷைனிகுங் என்ற தற்காலிகச் சான்றையும் கேட்டு வாங்கலாம். விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததாக வந்த மின்னஞ்சலைத் தேதியோடு சேமித்து வையுங்கள், வேலை தருபவரும் வங்கியும் முதலில் கேட்பது அதைத்தான்.